பூவெல்லாம் போன பிறகு எங்கள் வீட்டுக் காதலர் தினம்

கார்த்திகை பிறந்தால் போதும், விவசாய இதழ்களின் கேள்வி-பதில் பக்கத்தில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். ‘காதலர் தினத்துக்கு ரோஜா எடுக்க எப்போது கவாத்து செய்ய வேண்டும்?’ கேட்பவர் பெரும்பாலும் புதிதாகப் பசுமைக்குடில் போட்டவராக இருப்பார். பதில் தெரிந்ததுதான், நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிருக்கு ‘தாஜ்மஹால்’ ரகம் வெட்டிவிட்ட நாளிலிருந்து பூ எடுக்க 45 முதல் 50 நாள் பிடிக்கும். வெளிநாட்டுக்குப் போகிற பூ ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி 8, 9 தேதி வரைக்கும் கிளம்ப வேண்டும். உள்ளூர் மார்க்கெட்டுக்கு 12, 13 வரை போகலாம். அதனால் டிசம்பர் 10-ம் தேதியிலிருந்து 25-க்குள் பாத்தி பாத்தியாகக் கவாத்து செய்துகொண்டே வரவேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் வெட்டினால் மொத்தமும் ஒரே நாளில் பூக்கும். அதை அறுக்கவும் ஆள் இருக்காது, வைக்கவும் இடம் இருக்காது.

ஆனால், போன வருஷம் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பெண் வேறு ஒரு கேள்வி கேட்டாள். “உலகம் பூரா காதலர் தினம் கொண்டாட நீங்கதான் பூ அனுப்புறீங்க. அன்னைக்கு உங்க வீட்டுல என்னக்கா விசேஷம்?” கேலியாகத்தான் கேட்டாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு நிஜமாகவே ஒரு விசேஷம் உண்டு. அதை இதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், வீட்டில் எல்லோரிடமும் கேட்டு, ‘பேரும் ஊரும் போடாமல் எழுது’ என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

தளி பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். அதில் அரை ஏக்கரில் பசுமைக்குடில். மிச்சத்தில் ராகி, அவரை, தண்ணீர் இருந்தால் முட்டைக்கோஸ். இரண்டு கறவை மாடு. வீட்டில் தெலுங்கு, ஊரில் தமிழ், பெங்களூரு மார்க்கெட்டில் கன்னடம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் இப்படித்தான். 2013-ல் பாதி மானியம், பாதி வங்கிக் கடன் என்று குடில் போட்டோம். 15,000 செடி. வீட்டுக்காரர், நான், மாமியார், ஒரு மகள், ஒரு மகன். இவர்களோடு வேலைக்கு வரும் நான்கு பெண்கள்.

ஜனவரி 20-க்கு மேல் எங்கள் வீட்டைப் பார்த்தால், இங்கிருந்துதான் காதலுக்குப் பூ போகிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். காலையில் பனி விலகுவதற்குள் ஒரு அறுப்பு, சாயங்காலம் ஒரு அறுப்பு. வெட்டின பூ அடுத்த நிமிஷம் தண்ணீர் வாளிக்குள் போயாக வேண்டும். அப்புறம் ஷெட்டில் தண்டின் நீளத்தை அளந்து 40, 50, 60 சென்டிமீட்டர் என்று பிரித்து, கீழ் இலையையும் முள்ளையும் எடுத்து, தலை சமமாக இருபது பூவை வைத்து அட்டை சுற்றிக் கட்ட வேண்டும். பூவில் ஒரு கறுத்த இதழ் இருந்தால் ஏற்றுமதிக்காரர் திருப்பிவிடுவார். தண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தால் திருப்பிவிடுவார். இரவு பதினொரு மணிக்கு வேன் வரும். அந்த இருபது நாளும் வீட்டில் யாரும் யாரிடமும் நல்லபடியாகப் பேசியது கிடையாது. “கத்தரிக்கோல் எங்கே”, “வாளியில தண்ணி மாத்தலையா”, “கட்டு சரியில்லை, பிரி” இவ்வளவுதான் பேச்சு. கையெல்லாம் முள் கிழித்து, சாம்பாரில் கை பட்டால் எரியும்.

பிப்ரவரி 14-ம் தேதி காலையில் ஷெட் காலியாகிவிடும். அன்று வெட்டுகிற பூவுக்கு முந்தின வாரத்து விலையில் பாதிகூடக் கிடைக்காது. நகரத்தில் பூங்கொத்து கைமாறுகிற நேரத்தில், பூ விளைவித்தவன் வீட்டில் மனிதர்கள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள். முதல் ஏழு வருஷம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போனது.

ரோஜாச் செடி ஆறு வருஷத்துக்கு மேல் லாபமாகப் பூக்காது. 2019-ல் பழைய செடியை எடுத்துவிட்டுப் புதுச் செடி வைத்தோம். புதுச் செடி, மண் மாற்றியது, கிழிந்த பாலித்தீன் ஷீட் மாற்றியது எல்லாமே கடன்தான். 2020 பிப்ரவரியில் புதுச் செடி நன்றாகப் பூத்தது. ‘இன்னும் இரண்டு சீசன், கடன் முடிந்தது’ என்று வீட்டுக்காரர் நோட்டில் கணக்குப் போட்டு வைத்தார்.

அந்த வருஷம் யுகாதி மார்ச் 25-ல் வந்தது. ஊரடங்கு தொடங்கியதும் அதே நாள்தான். யுகாதிக்கென்று வெட்டிய பூ முழுக்க எங்கள் சின்னக் குளிர் அறையில் அப்படியே நின்றது. மார்க்கெட் மூடிவிட்டார்கள். கோயில் இல்லை, கல்யாண மண்டபம் இல்லை, விமானம் இல்லை. நெல்லோ ராகியோ என்றால் மூட்டை போட்டு வைக்கலாம். பூவை என்ன செய்வது? விற்கவில்லை என்று செடியில் விட்டாலும் ஆகாது. விரிந்து உதிர்ந்து அழுகினால் நோய் பிடித்துச் செடியே போய்விடும். அதனால் தினமும் வெட்டினோம். வெட்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் கொட்டினோம். விற்காத பூவுக்கும் உரம் கொடுக்க வேண்டும், சாம்பல் நோய்க்கும் சிலந்திக்கும் மருந்து அடிக்க வேண்டும், வேலைக்கு வந்த பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பக்கத்தில் சிலர் ரோஜாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு குடைமிளகாய் போட்டார்கள். எங்கள் செடிக்கு ஒரு வயதுதான் ஆகியிருந்தது. அவருக்குப் பிடுங்க மனசு வரவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதத்துக்கு மேல் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, கோபம் இல்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் வரும். சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு பாதியில் எழுந்துவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் படுக்கையில் இருக்க மாட்டார். மருந்து ரூமுக்கு வெளியே இருக்கிற சிமென்ட் தொட்டி மேல் உட்கார்ந்திருப்பார். “என்னங்க?” என்றால், “மோட்டார் சத்தம் மாதிரி கேட்டுது” என்பார். கரண்டே இல்லாத ராத்திரியில் எந்த மோட்டார்?

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. மருந்து ரூம் பூட்டின் சாவியை எடுத்து என் தாலிக்கொடியில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டேன். தினம் காலையில் மருந்து கலக்க என்னிடம்தான் சாவி கேட்க வேண்டும். நானே போய்த் திறந்து, அளந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, நானே பூட்டுவேன். “குழந்தைங்க இருக்கிற வீடு, பூட்டித்தான் வைக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு” என்று சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மாதம் இப்படிப் போனது. எதற்காக அந்தச் சாவி என் கழுத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அப்போதெல்லாம் இதற்கு யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது 14416 என்று அரசாங்கத்தின் இலவச எண் இருக்கிறது. ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவர் இப்படிப் பேச்சை நிறுத்திவிட்டால், அவருக்காக நீங்கள் கூப்பிட்டுப் பேசலாம். எங்கள் ஊர்ப் பெண்களிடம் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2021 பிப்ரவரி 14 ஞாயிற்றுக்கிழமை. அந்த சீசனில் எங்களிடம் வாங்குகிற ஏற்றுமதிக்காரர் எடுத்தது முந்தைய வருஷத்தில் பாதிகூட இல்லை. விமானம் குறைவு, சரக்குக் கட்டணம் ஏறிவிட்டது என்றார். ஷெட்டில் நாற்பது கட்டுக்கு மேல் தங்கிவிட்டது. மகள் அப்போது பிளஸ் டூ. சாயங்காலம் ஷெட்டுக்குப் போனவள், பத்து கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் பித்தளை அண்டாவில் வைத்தாள்.

“ஊர் உலகத்துக்கெல்லாம் காதலர் தினம். வெளைய வெச்ச நமக்கு மட்டும் குப்பைக் குழியா? இன்னைக்கு நம்ம வீட்டுலயும் கொண்டாடலாம்” என்றாள்.

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “வயசுப் பொண்ணு பேசுற பேச்சா இது? அந்த நாளைப் பத்தி வீட்டுக்குள்ள பேச்செடுக்காதே.”

“வீட்டுக்குள்ளதானே பாட்டி கொண்டாடலாம்கிறேன்? வெளியிலயா போகச் சொன்னேன்?”

அதற்கு அத்தையிடம் பதில் இல்லை. அவர் அன்றைக்கு அவரைக்கொட்டை ஊறவைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பனிக்காலம் என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும்தான். ஊறின கொட்டையை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு தெறித்து விழும். தனியாக உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை, நாலு பேர் உட்கார்ந்தால் கால் மணி நேரம். “பேச்சு போதும், வந்து பிதுக்குங்க” என்று எல்லோரையும் உட்கார வைத்தார். வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். அம்மா கூப்பிட்டால் அவர் மறுக்க மாட்டார். வெகு நாள் கழித்து அன்றைக்குத்தான் ஐந்து பேரும் ஒரு இடத்தில் உட்கார்ந்தோம்.

மகள் ஆளுக்கு ஒரு ரோஜாவைக் கையில் கொடுத்தாள். ஒரு நிபந்தனையும் போட்டாள். பூவை வாங்கினவர், இந்த ஒரு வருஷத்தில் வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் யாரும் திட்டக் கூடாது.

ஆறாம் வகுப்பில் இருந்த மகன்தான் முதலில் ஆரம்பித்தான். ஆன்லைன் வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ‘எஸ் மிஸ்’ சொல்லிவிட்டு, போனை ராகிப் பானை மேல் சாத்தி வைத்துவிட்டு, கோலி விளையாடப் போய்விடுவானாம். போன் அந்தப் பானைக்குப் பாடம் நடத்திக்கொண்டு இருந்திருக்கிறது. எல்லோரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்காரர் வாயைத் திறந்து சிரித்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிதுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அடுத்தது அத்தை. பூவை வாங்க மாட்டேன் என்றார். மாமா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் கையில் பூவை எடுத்துத் தொடுப்பார், கட்டுவார், கிரேடிங் செய்வார். தனக்கென்று ஒரு பூவை வாங்கினதில்லை. பேரன் வலுக்கட்டாயமாக மடியில் போட்டுவிட்டான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஆயுத பூஜையிலேர்ந்து எனக்கு எடது கண்ணு சரியாத் தெரியலை” என்றார். கட்டில் பூ எண்ணும்போது இருபதுக்குப் பதில் பத்தொன்பது விழுந்தது என்று அந்த மாதம் ஏஜென்ட் புகார் சொன்னதும், வேலைக்கு வந்த பெண்ணை இவர் சந்தேகப்பட்டதும் எனக்கு நினைவு வந்தது. “ஏன் சொல்லலை?” என்றதற்கு, “இருக்கிற செலவுல இது வேறயா?” என்றார்.

அப்புறம் வீட்டுக்காரர். வெகு நேரம் பூவின் முள்ளை நகத்தால் ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தார். முள்ளெல்லாம் தீர்ந்த பிறகு, என்னைப் பார்க்காமல், “ஆனியில வெளியில கடன் வாங்கினேன். ஒண்ணு எண்பது. மூணு வட்டி” என்றார்.

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மாதம் 5,400 ரூபாய் வட்டி மட்டும். உரத்துக்கும் கூலிக்கும் அந்தப் பணம்தான் போயிருக்கிறது. யாரிடம் வாங்கினார், எப்படிக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொன்னார். சொல்லச் சொல்ல அவர் தோள் கீழே இறங்குவதைப் பார்த்தேன், தலைச்சுமையை இறக்கின ஆள் மாதிரி.

என் முறை வந்தபோது எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை. கொடியிலிருந்து சாவியைக் கழற்றி அவருக்கு முன்னால் தரையில் வைத்தேன். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. கையிலிருந்த பருப்பை அப்படியே போட்டுவிட்டு அவர் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சாவியை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். “உன்கிட்டயே இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள்” என்றார்.

அந்த ‘இன்னும் கொஞ்ச நாள்’ எனக்குப் போதுமானதாக இருந்தது. ‘எனக்கு ஒன்றும் இல்லை, நீ பயப்படாதே’ என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறு வாரமே வங்கிக்குப் போய் என் நகையில் எட்டு பவுனை அடமானம் வைத்து மூணு வட்டிக் கடனை அடைத்தோம். நகைக்கடனுக்கு ஆண்டுக்கு ஒன்பது சதவிகிதம். மாதம் 5,400 கட்டின இடத்தில் 1,350 ரூபாய். இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியது பிளஸ் டூ படித்த மகள். ஆனி மாதமே சொல்லியிருந்தால் ஆனி மாதமே செய்திருக்கலாம். கடன் வாங்குகிற ஆண்கள் இதை ஏன் மனைவியிடம் சொல்வதில்லை என்று பல வீடுகளில் பார்த்துவிட்டேன். மானம் என்பார்கள். வட்டி அந்த மானத்துக்குச் சேர்த்துத்தான் ஓடுகிறது. அத்தைக்கு இலவச முகாமில் கண் அறுவைச் சிகிச்சை ஆனது. இப்போது அவர் கட்டுகிற கட்டில் பூ ஒன்றுகூடக் குறையாது.

கணக்கு நோட்டும் பித்தளை அண்டாவும்

அதற்குப் பிறகு இது வருஷாவருஷம் நடக்கிறது. யாரும் விசேஷமாகத் திட்டம் போடுவதில்லை. கடைசி வேன் போன மறுநாள் எல்லோரும் மதியம் வரை தூங்குவோம். சாயங்காலம் அண்டாவில் கழிவுப் பூ. தண்டு குட்டை, கழுத்து வளைந்தது, இதழ் ஓரம் கருகியது என்று ஒதுக்கினதுதான். மார்க்கெட்டில் அதற்கு மதிப்பில்லை. அண்டாவில் வைத்தால் கண்ணைப் பறிக்கும். ராகிக் களி, பிதுக்கம்பருப்பு. சாப்பிட்டு முடித்ததும் பூவும் பேச்சும். கடைசியாகக் கணக்கு நோட்டு. சீசனில் எத்தனை பூ போனது, என்ன விலை, யார் பாக்கி, எவ்வளவு கடன் நிற்கிறது என்று வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். இதில்தான் மகனுக்குச் சலிப்பு. கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பான், ஆனாலும் எழுந்து போக விடுவதில்லை. அவன் சைக்கிள் கேட்டு ஒரு வருஷம் காத்திருந்தது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான்.

2023-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பிப்ரவரி 14-ஐ பசுவைக் கட்டிப்பிடிக்கும் நாளாகக் கொண்டாடும்படி இந்திய விலங்குகள் நல வாரியம் ஒரு வேண்டுகோள் விட்டது. நாலைந்து நாளில் அவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு மகன் எங்கள் ஜெர்சிக் கலப்பு மாட்டிடம் போனான். அது கன்று போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரே உதை. முட்டியில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அந்த வருஷம் பூ வாங்கினான். அதே வருஷம்தான் எட்டு பவுனையும் மீட்டோம். நகைப் பையை அவர் களித்தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மருந்து ரூம் சாவியை நான் கழுத்திலிருந்து எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டியதும் அந்த வருஷம்தான்.

‘இது மேல்நாட்டுப் பழக்கம், நமக்கெதற்கு?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் தெருவிலேயே உண்டு. மேல்நாட்டில் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்கு அக்கறையில்லை. பொங்கல் அன்று மாட்டுக்கும், ஆயுத பூஜை அன்று மண்வெட்டிக்கும் பொட்டு வைக்கிறோம். வருஷம் முழுக்க ஒரே குடிலுக்குள் வேர்த்துக் கொட்டுகிற மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச ஒரு நாள் வேண்டாமா? அது எந்தத் தேதியில் வந்தால் என்ன? எங்களுக்கு அறுப்பு முடிகிற தேதி அதுவாக இருக்கிறது. உங்களுக்கு அது கரும்பு வெட்டு முடிந்த நாளாகவோ, கடைசி மல்லாட்டை மூட்டை ஏறின நாளாகவோ இருக்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்த விசேஷம் வைத்தாலும் மண்டபத்தில் பிளாஸ்டிக் பூ வைக்காதீர்கள். அதைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரிகிறது.

போன வருஷம், 2024-ல், மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. தோட்டக்கலை படிக்கிறாள். அவளுடைய முறை வந்தபோது பூவைக் கீழே வைத்துவிட்டு, “என்கூடப் படிக்கிற ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்கு. இப்போ நான் உங்ககிட்ட எதுவும் கேட்கலை. வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நானே சொல்றேன்” என்றாள்.

அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நம்ம ஆளுங்களா?”

“இல்லை பாட்டி.”

வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். குளிர் அறைக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே சாவி இல்லை, ஆணியில் இருந்தது. மகன் எனக்கு முன்னால் ஓடிப்போய் அதை எடுத்து என் கையில் கொடுத்தான். அவனுக்கு அப்போது பதினாலு வயது. 2021-ல் தரையில் வைத்த சாவிக்கு அவன் என்றைக்கு அர்த்தம் கண்டுபிடித்தான் என்று எனக்குத் தெரியாது.

அரை மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். “படிப்பை முடி. அதுவரைக்கும் நானும் இதை யார்கிட்டயும் பேச மாட்டேன். நீயும் பேசாதே” என்று மகளிடம் சொன்னார். அப்புறம் வழக்கம்போல நோட்டை எடுத்துக் கணக்கை வாசித்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் ஒரு வரி விடாமல் வாசித்தார்.

சந்தோஷமாக முடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட விஷயங்கள் சில சமயம் எப்படி முடிகின்றன என்பதை நாம் எல்லோரும் பேப்பரில் படிக்கிறோம். வீட்டுக்காரருக்கு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், ஊர் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. பயப்படுகிறார். நானும்தான் பயப்படுகிறேன். இந்த ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேச்சு வந்தது. புரட்டாசியில் செடி வளைத்துக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமல், “அந்தப் பையன் வீட்டுல என்ன பண்றாங்களாம்?” என்றார். “அவங்களும் விவசாயம்தானாம். ரெண்டு ஏக்கர், தக்காளி” என்றேன். “தக்காளியா” என்று மட்டும் சொன்னார். தக்காளிக்காரன் படுகிற பாடு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருஷம் 14-ம் தேதி வெள்ளிக்கிழமை. மகன் பத்தாம் வகுப்பு, பரீட்சை நெருங்குகிறது என்பதால் அவனை கிரேடிங் வேலையில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மகள் 13-ம் தேதி ராத்திரி பஸ் ஏறுகிறாள். அவளுக்கு மே மாதம் படிப்பு முடிகிறது. அன்றைக்கு வீட்டுக்காரர் பூவைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. அத்தை கடைசி அறுப்பு அவரைக்கொட்டையில் இரண்டு படி தனியாக எடுத்து வைத்துவிட்டார். மூன்றாவது பாத்தியில் மொட்டு பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. நாளைக் காலையில் வலை மாட்டத் தொடங்க வேண்டும்.